ஸ்மோர்ஸ்: தணலும் சாக்லேட்டும் அம்மாவின் சைவமும்

சார்லட்வாசி

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் இரண்டாம் வாரம் ஐந்து குடும்பங்களாகச் சேர்ந்து அமெரிக்காவின் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். எல்க்மான்ட் முகாமில் இரண்டு இரவு. பெரியவர்கள் பதினோரு பேர், பிள்ளைகள் ஒன்பது பேர். புளியோதரை, தயிர் சாதம், இட்லி, மிளகாய்ப்பொடி என்று ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. என் பங்குக்கு வந்தது இரவு நெருப்பும் ஸ்மோர்ஸும், அதாவது நெருப்பில் வாட்டிய மார்ஷ்மெல்லோ என்னும் பஞ்சு போன்ற இனிப்பையும் சாக்லேட்டையும் இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவில் வைத்துச் சாப்பிடுவது.

சென்ற வசந்தத்தில் வேறொரு பூங்காவில் செய்து பார்த்தோம். மார்ஷ்மெல்லோ எல்லாம் தீப்பந்தமாக எரிந்து கரிந்தன. கரியை உரித்தால் உள்ளே குளிர்ந்து கிடந்தது. சாக்லேட் கல்லாகவே இருந்தது. கடித்தவுடன் பிஸ்கட் நொறுங்கி மடியில் கொட்டியது. பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றோடு எழுந்துவிட்டார்கள்.

அதைவிட என் மனத்தை உறுத்தியது இன்னொன்று. திருநெல்வேலியிலிருந்து அம்மா வந்திருந்தார்கள். என் மகள் ஆசையாக ஒன்றைச் செய்து பாட்டியிடம் நீட்டினாள். அம்மா கையை நீட்டிவிட்டார்கள். அதற்குள் ஒருவர், "அம்மா, அதில் ஜெலட்டின் இருக்கிறது, விலங்குத் தோலில் எடுப்பது" என்றார். சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அம்மா ஒன்றும் பேசாமல் கையை மடக்கிக்கொண்டு, சற்று நேரத்தில் போர்வையோடு கூடாரத்துக்குள் போய்விட்டார்கள்.

இந்த முறையும் அம்மா வருகிறார்கள். அவர்களுக்கென்று தனித் தட்டு வேண்டாம், எல்லோரும் சாப்பிடுவதையே அவர்களும் சாப்பிட வேண்டும். அதற்கு வழி சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் புதுமையாக ஏதாவது வேண்டும். அனுபவப்பட்டவர்கள் எழுதினால் நன்றியுடன் இருப்பேன்.

கங்குக்காரன்

புதுமையைப் பிறகு பார்ப்போம். நண்பரே, நீங்கள் சொன்ன மூன்று குறையும் ஒரே குறை. நீங்கள் கொழுந்துவிட்ட தீயில் காட்டியிருக்கிறீர்கள். ஸ்மோர்ஸ் தணலில் செய்வது.

ஊரில் சோளக்கதிரைத் தீயிலா வாட்டுவோம்? விறகு எரிந்து அடங்கி, கங்கு மேலே வெள்ளைச் சாம்பல் பூத்திருக்கும்போதுதானே வாட்டுவோம். இதுவும் அப்படித்தான். ஓக், ஹிக்கரி போன்ற கெட்டி விறகாக இருந்தால் பற்றவைத்து முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதனால் சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பே நெருப்பை மூட்டிவிடுங்கள். பைன் விறகு வேண்டாம். பிசினோடு எரியும், பொறி தெறிக்கும், புகை மார்ஷ்மெல்லோவில் ஏறும்.

தணல் தயாரானதும் ஒரு நீளக் குச்சியால் பாதியை ஒரு பக்கமாக இழுத்துப் பரப்புங்கள். மறுபக்கம் ஒரு கட்டை எரிந்துகொண்டிருக்கட்டும், வெளிச்சத்துக்கும் குளிருக்கும். சூட்டைப் பார்க்கக் கருவி வேண்டாம். மார்ஷ்மெல்லோ இருக்கப்போகும் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டுங்கள். நான்கு எண்ணுவதற்குள் கை தானாக விலகினால் சரியான சூடு. ஒன்றிலேயே விலகினால் இன்னும் பொறுக்க வேண்டும்.

கம்பியில் குத்தி, தணலுக்கு ஒரு சாண் மேலே பிடித்து, நிறுத்தாமல் மெதுவாக உருட்டிக்கொண்டே இருங்கள். முதலில் ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். பிறகு தோல் பளபளப்பை இழக்கும். அடுத்து லேசாக ஊதிப் பருக்கும். அதற்கப்புறம்தான் நிறம் ஏறும், முதலில் சந்தன நிறம், பிறகு முறுகிய தோசையின் பொன்னிறம். கடைசியில் கம்பியில் அது தானாகச் சற்றுச் சுழலும். உள்ளே இளகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். எனக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் ஆகிறது. அந்த மூன்று நிமிடத்தைக் கொடுத்தால் தோல் மெல்லிய முறுகலாகவும் உள்ளே வெண்ணெய் போலவும் இருக்கும்.

மிச்சிகன் பெரியப்பா

கரியவிட்டுச் சாப்பிடுவதும் ஒரு ருசிதான். என் பேரன்கள் தீயில் காட்டி, பற்றிக்கொண்டதும் ஊதி அணைத்து, அந்தக் கறுப்புத் தோலை உரித்துத் தின்றுவிட்டு, மிச்சத்தை மறுபடியும் வாட்டுகிறார்கள். ஒரே மார்ஷ்மெல்லோவில் மூன்று முறை. அவர்கள் சந்தோஷத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: தீப்பிடித்தால் ஊதி அணைக்க வேண்டும், கம்பியை வீசி உதறக் கூடாது. எரிகிற சர்க்கரை பறந்து போய்ப் பக்கத்துப் பிள்ளையின் கையில் ஒட்டினால் எடுக்கவும் முடியாது. எங்கள் தெருவில் ஒரு சிறுமிக்கு முழங்கையில் அந்த வடு இன்றும் இருக்கிறது.

வேதியியல் ஆசிரியை

கங்குக்காரன் எழுதியது எல்லாம் சரி. காரணத்தைச் சேர்க்கிறேன், காரணம் தெரிந்தால் கை தானாகச் சரியாக நடக்கும்.

மார்ஷ்மெல்லோ என்பது சர்க்கரையும் சோளப்பாகும் ஜெலட்டினும் சேர்ந்த நுரை, அதில் பெரும்பகுதி காற்று. சூடேறினால் உள்ளே இருக்கும் காற்று விரிகிறது, அதனால்தான் ஊதிப் பருக்கிறது. ஜெலட்டின் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும், அதாவது நம் உடம்புச் சூட்டில். ஆனால் சர்க்கரை பழுப்பாகி மணக்க 160 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். வெளித்தோலுக்கு 160, உட்புறத்துக்கு 35. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டுமானால் சூடு மெதுவாக உள்ளே இறங்க வேண்டும். கொழுந்துத் தீயில் தோல் கரிந்து முடிந்த பிறகும் உள்ளே சூடு எட்டியிருக்காது.

இப்போது சைவக் கேள்வி. அம்மாவிடம் அன்று சொன்னது உண்மைதான். கடையில் கிடைக்கும் சாதாரண மார்ஷ்மெல்லோவில் பன்றித் தோலிலோ மாட்டுத் தோலிலோ எடுத்த ஜெலட்டின் இருக்கும். ஹலால் முத்திரை உள்ளதில் பெரும்பாலும் மாட்டு ஜெலட்டின். யூதர் உணவு முறைக்கான கோஷர் முத்திரையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், மீனில் எடுத்த ஜெலட்டினும் அதில் வரும். உறையின் பின்பக்கத்தைப் படித்தே தீர வேண்டும்.

அடுக்களை ஆராய்ச்சி

நான் வீட்டிலேயே ஜெலட்டினுக்குப் பதில் கடல்பாசி (அகர் அகர்) வைத்து மார்ஷ்மெல்லோ செய்து பார்த்தேன். பார்க்க அழகாக, சதுரம் சதுரமாக, தொட்டால் பஞ்சு போல வந்தது. நெருப்பில் காட்டியதும் ஏமாற்றம். இளகவே இல்லை. விளிம்பு வறண்டு கருகியது, நடுப்பகுதி அல்வாத் துண்டு மாதிரி அப்படியே நின்றது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்கே போயின.

வேதியியல் ஆசிரியை

கடல்பாசி உறைந்துவிட்டால் மறுபடி உருக ஏறத்தாழ 85 டிகிரி வேண்டும். அதற்குள் வெளிப்புறம் கரிந்துவிடும். உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை, பொருளின் குணமே அப்படி. தட்டில் வைத்துச் சாப்பிட அது நல்ல இனிப்பு, தணலுக்கு ஏற்றதல்ல.

குறிஞ்சிப்பூ

கடையிலேயே தாவர மார்ஷ்மெல்லோ கிடைக்கிறது. எங்கள் வீட்டில் ஐந்து வருடமாக டேண்டீஸ்தான் வாங்குகிறோம். மரவள்ளிப் பாகும் கரும்புச் சர்க்கரையும் கடற்பாசியில் எடுக்கும் காராஜீனனும் சோயாப் புரதமும் சேர்த்துச் செய்வது. கம்பியில் நன்றாக நிற்கிறது, நிறம் ஏறச் சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கிறது, நூல் போல இழுபடுவது கொஞ்சம் குறைவு. ருசியில் எங்கள் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சார்லட்வாசி அண்ணா, எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இருபது பேருக்கும் அதையே வாங்கிவிடுங்கள். இரண்டு பை வைத்தால் இருட்டில் கைமாறும். கம்பியும் கைமாறும், ஒரு முறை ஜெலட்டின் ஒட்டிய கம்பியில் அம்மாவுக்கானதைக் குத்தினால் அவர்கள் மனம் ஒப்பாது. புதுக் கம்பி, ஒரே வகைப் பை. உறையைப் பிரிக்கும் முன் அம்மா கையிலேயே கொடுத்து, பேத்தியை விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். என் மாமியாருக்கு நான் அப்படித்தான் செய்தேன். நாம் சொல்வதை நம்புவது வேறு, அவர்களே கேட்டுத் தெரிந்துகொள்வது வேறு.

சார்லட்வாசி

குறிஞ்சிப்பூ தங்கைக்கு மிக்க நன்றி. இருபது பேருக்கும் ஒரே பை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இன்றே சொல்லி வைக்கிறேன். சாக்லேட் உருகாததற்கு என்ன செய்வது?

கங்குக்காரன்

சாக்லேட்டை மார்ஷ்மெல்லோவின் சூட்டை நம்பி விடாதீர்கள். மலைக்குளிரில் சட்டைப்பை உறைகிற மாதிரி இருக்கும், சாக்லேட் மட்டும் எப்படி உருகும்? நெருப்பைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையத்தின் கம்பித்தட்டி ஓரத்தில் அலுமினியத் தாளை விரித்து, பிஸ்கட்டின் மேல் சாக்லேட்டை வைத்து முன்னாலேயே சூடேற்றுங்கள். கொக்கோ வெண்ணெய் 34 டிகிரியில் உருகிவிடும், ஆகவே அதிகம் வேண்டாம். விளிம்பு பளபளக்கத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். கனமான கட்டியை விட்டுவிட்டு மெல்லிய பட்டையாக வாங்குங்கள்.

பிஸ்கட் நொறுங்குவதற்கும் இதுவே மருந்து. உருகிய சாக்லேட் பிஸ்கட்டைப் பிடித்துக்கொள்ளும். மேல் பிஸ்கட்டால் அழுத்திக் கம்பியை உருவிய பிறகு முப்பது எண்ணிவிட்டுக் கடிக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் சூடு நாக்கைப் பொசுக்கும்.

நாலு வகை நளபாகம்

இதற்காகத்தான் காத்திருந்தேன், இப்போது புதுமைக்கு வருகிறேன். எட்டு வருடத்தில் நான் செய்து பார்த்ததில் நிலைத்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஸ்மோர்ஸுக்கு வழக்கமாக வைக்கும் கிரஹாம் பிஸ்கட்டுக்குப் பதிலாக பார்லே-ஜி. சிறியது, பிள்ளைகள் வாய்க்கு அடங்கும், பாலும் சர்க்கரையுமான அதன் மணம் பால் சாக்லேட்டோடு பழகிய மாதிரி சேரும். மாரி பிஸ்கட் எனக்குச் சரிவரவில்லை, ரொம்ப மெல்லிசு, அழுத்தினால் போய்விடுகிறது. இஞ்சி பிஸ்கட்டும் டார்க் சாக்லேட்டும் சேர்ந்தால் பெரியவர்கள் இரண்டாவது கேட்பார்கள். டார்க் சாக்லேட்டின் மேல் இரண்டே கல் உப்பு, அல்லது சிட்டிகை மிளகாய்த்தூள். மிளகாய் முதலில் தெரியாது, விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்ல ஏறும். மலைக்குளிருக்கு அது சுகம்.

கடலை மிட்டாய். இதைத்தான் நான் எல்லாரிடமும் வற்புறுத்துகிறேன். மெல்லிய பட்டைக் கடலை மிட்டாயை சாக்லேட்டின் கீழே வைத்துச் சூடேற்றினால் வெல்லம் இளகிக் கடலை மட்டும் மொறுமொறுப்பாக நிற்கும். மேலே மார்ஷ்மெல்லோ. வெல்லத்தின் மண்வாசனை அந்த வெள்ளைச் சர்க்கரை இனிப்பைத் தாங்கிப் பிடிக்கிறது. ஸ்மோர்ஸ் திகட்டுகிறது என்பவர்களுக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள்.

வாழைப்பழம். தோலோடு நீளவாக்கில் கீறி, வயிற்றில் சாக்லேட் துண்டும் மார்ஷ்மெல்லோத் துண்டும் அடைத்து, அலுமினியத் தாளில் சுற்றித் தணல்மேல் பத்து நிமிடம். கரண்டியால் வழித்துச் சாப்பிடலாம். பல் இல்லாதவர்களும் சாப்பிடலாம். ஐஸ்கிரீம் கோனிலும் இதையே அடைத்துச் சுற்றி வைக்கலாம், ஐந்து நிமிடம் போதும். கம்பி பிடிக்கத் தெரியாத மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அதுதான் பாதுகாப்பு.

அன்னாசி வட்டத்தைத் தணலில் வாட்டி, பிஸ்கட்டின் இடத்தில் வைத்துப் பார்த்தேன். சாறு வடிந்து கையெல்லாம் பிசுபிசுத்தது. தட்டும் முள்கரண்டியும் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

இரு பிள்ளைகளின் தாய்

கடலை மிட்டாய் பற்றி ஒரு வேண்டுகோள். என் மூத்தவனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. ஒரு முகாமில் யாரோ கடலை வெண்ணெய் தடவிய கத்தியால் எல்லார் பிஸ்கட்டையும் வெட்டினார்கள். அன்று இரவு முழுவதும் மருத்துவமனையில் இருந்தோம். ஐந்து குடும்பங்கள் என்றால் முன்கூட்டியே ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுவிடுங்கள். ஒரு பிள்ளைக்கு இருந்தாலும் அன்று கடலையே வேண்டாம்.

நாலு வகை நளபாகம்

முற்றிலும் சரி, சகோதரி. நான் அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பொரிகடலை உருண்டை ஒத்துக்கொள்ளுமா என்பதையும் சேர்த்தே கேளுங்கள். எள் மிட்டாய்க்கும் ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டு.

பழைய சாரணர்

நான் மாற்றுக் கருத்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மிளகாய், அன்னாசி, கோன் என்று போனால் அது வேறு பலகாரம். ஸ்மோர்ஸுக்கு ஒரு வரலாறு உண்டு. 1927-இல் அமெரிக்காவின் கேர்ள் ஸ்கவுட்ஸ் அமைப்பு வெளியிட்ட கையேட்டில் இது 'சம் மோர்' என்ற பெயரில் அச்சாகியிருக்கிறது. எட்டுப் பேருக்குக் கணக்கு: கிரஹாம் பிஸ்கட் 16, சாக்லேட் பட்டை 8, மார்ஷ்மெல்லோ 16. ஆளுக்கு இரண்டு பிஸ்கட், ஒரு சாக்லேட், இரண்டு மார்ஷ்மெல்லோ. சிறுமிகள் தாங்களே முதுகில் சுமந்துபோய், தாங்களே செய்து சாப்பிட ஏற்றதாக மூன்றே பொருள். அந்த எளிமையில்தான் அதன் அழகு இருக்கிறது. இன்னொன்று, அந்தக் குறிப்பிலும் தணல்மேல் வாட்டச் சொல்லியிருக்கிறதே தவிர தீயில் அல்ல. கங்குக்காரன் நூறு வருடப் பழைய முறையைத்தான் சொல்கிறார்.

குறிஞ்சிப்பூ

ஐயா, வரலாற்றையே பார்ப்போம். கிரஹாம் பிஸ்கட்டுக்குப் பெயர் கொடுத்த சில்வெஸ்டர் கிரஹாம் ஒரு மதபோதகர். தவிடு நீக்காத கோதுமை மாவையும் புலால் இல்லாத உணவையும் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தவர். 1850-இல் அமெரிக்க சைவ உணவுச் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். அவர் பெயர் தாங்கிய பிஸ்கட்டுக்கு நடுவில் இன்று தோல் ஜெலட்டின் உட்கார்ந்திருக்கிறது.

மார்ஷ்மெல்லோவும் அப்படித்தான். சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு செடியின் பெயர் அது. பிரான்சில் மிட்டாய்க்காரர்கள் அதன் வேர்ப் பசையை முட்டை வெள்ளைக்கருவோடும் சர்க்கரையோடும் அடித்துச் செய்தார்கள். ஜெலட்டின் பிறகுதான் வந்தது. வேரே போய்ப் பெயர் மட்டும் நின்ற பண்டத்தில், கடலை மிட்டாய் சேர்ப்பதை மட்டும் ஏன் தடுக்க வேண்டும்?

பழைய சாரணர்

கிரஹாம் சைவர் என்பது எனக்குப் புதுச் செய்தி. ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு வேண்டுகோள்: பிள்ளைகள் முதல் ஒன்றையாவது மூன்றே பொருளில் செய்யட்டும். அது கைக்குப் பழகிய பிறகு எதை வேண்டுமானாலும் சேர்க்கட்டும்.

மலைப்பாதை

ஸ்மோக்கி மலைக்குப் பலமுறை போனவன். சமையலைவிட இவை முக்கியம்.

வீட்டிலிருந்து விறகு கொண்டுபோகாதீர்கள். சூட்டில் பதப்படுத்தியது என்று சான்று ஒட்டிய கட்டு மட்டுமே அந்தப் பூங்காவுக்குள் அனுமதி. சாதாரண விறகில் ஒளிந்து வரும் பூச்சிகள் காட்டையே அழித்துவிடும். 2002-இல் டெட்ராய்ட் பக்கம் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட மரகதப் பச்சை வண்டு, அதற்குள் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. விறகோடு விறகாகத்தான் அது மாநிலம் மாநிலமாகப் பரவியது. பூங்காவுக்குள் தானாக விழுந்து காய்ந்து கிடப்பதைப் பொறுக்கி எரிக்கலாம்.

மார்ஷ்மெல்லோவுக்கென்று கிளை ஒடிக்காதீர்கள். அது சட்டப்படி தவறு, ஆபத்தும்கூட. அங்கே ஓடையோரமெல்லாம் ரோடோடென்ட்ரான் புதர்தான், மவுண்டன் லாரலும் உண்டு. இரண்டும் நஞ்சு. ஊரில் அரளிக் குச்சியில் யாராவது சோறு குத்திச் சாப்பிடுவார்களா? மூன்றடி நீள இரும்புக் கம்பி, மரக் கைப்பிடி போட்டதாக வாங்குங்கள்.

கரடி. எல்க்மான்டில் கறுப்புக் கரடி நடமாட்டம் உண்டு. சாப்பிட்டு முடித்ததும் பிஸ்கட் பை, சாக்லேட் உறை, ஒட்டிய கம்பி, குப்பை எல்லாம் காருக்குள் போய்க் கதவு பூட்டியாக வேண்டும். பிள்ளைகள் சட்டைப்பையில் மார்ஷ்மெல்லோ ஒளித்துக்கொண்டு கூடாரத்துக்குள் போவார்கள், ஒவ்வொரு பையாகத் தடவிப் பாருங்கள். மனிதர் தின்பண்டத்துக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொல்ல வேண்டி வருகிறது.

படுக்கும் முன் நெருப்பில் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகே காட்டிச் சூடு இல்லை என்று உறுதி செய்யுங்கள். இரவு 10 மணிக்கு மேல் அங்கே அமைதி நேரம், ஆகவே ஒன்பதரைக்கே அணைக்கத் தொடங்கினால் நிதானமாக முடிக்கலாம்.

சார்லட்வாசி

மூன்று வாரம் கழித்து வந்து எழுதுகிறேன். போய்வந்தோம்.

சொன்னபடியே செய்தோம். எந்த வீட்டிலும் கடலை ஒவ்வாமை இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஐந்தரைக்கே நெருப்பு மூட்டி, சாப்பாடு முடியும்போது தணல் தயாராக இருந்தது. உள்ளங்கை வைத்து எண்ணும் வேலையைப் பிள்ளைகள் விடவே இல்லை. பழைய சாரணர் சொன்னபடி முதல் சுற்று மூன்றே பொருள். இரண்டாம் சுற்றில் கடலை மிட்டாய் முப்பது பட்டையும் தீர்ந்துவிட்டது. வாழைப்பழம் இரண்டாம் இரவு. மிளகாய்த்தூளை நான் சற்று அதிகம் தூவிவிட்டேன், இருவர் தண்ணீர் தேடினார்கள். அளவு சிட்டிகையேதான்.

அம்மா. மகள் உறையைப் படித்துக் காட்டினாள். மரவள்ளி என்றதும் அம்மா அதைத் திருப்பி வாசிக்கச் சொன்னார்கள். பிறகு கம்பியை வாங்கிக்கொண்டார்கள். நான் சொல்லிக்கொடுக்க வாயெடுத்தேன், தேவைப்படவில்லை. அறுபது வருடம் அடுப்பில் அப்பளம் சுட்ட கை. தணலுக்கு மேல் ஒரே சீராக உருட்டி, சொட்டுக் கருப்பு இல்லாமல், சுற்றிலும் பொன்னிறமாக எடுத்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தங்கள் கம்பியைக் கொண்டுபோய்ப் பாட்டியிடம் கொடுத்தார்கள். பத்து மணி வரை நெருப்பருகே இருந்தார்கள்.

இரண்டாம் இரவு அவர்களாகவே பைக்குள்ளிருந்து உடன்குடி சில்லுக்கருப்பட்டியை எடுத்துச் சீவி, சாக்லேட் இளகும்போது அதன்மேல் தூவினார்கள். சுக்கும் ஏலமும் அதிலேயே இருக்கிறது. இந்த இழையில் யாரும் எழுதாத ஒன்று, நான் சாப்பிட்டதில் அதுதான் சிறந்தது.

நாலு வகை நளபாகம்

படிக்கும்போதே நாவூறுகிறது. சீவல் எவ்வளவு? சாக்லேட்டுக்கு மேலேயா, மார்ஷ்மெல்லோவுக்கு மேலேயா?

சார்லட்வாசி

அம்மாவிடம் கேட்டேன். ஒரு பிஸ்கட்டுக்கு அரைத் தேக்கரண்டி. கத்தியை நேராகப் பிடித்து மெல்லிசாகச் சீவ வேண்டும், தட்டிப் பொடித்தால் பல்லில் கல் மாதிரி கடிபடுமாம். சாக்லேட்டின் விளிம்பு பளபளக்கும்போதே தூவிவிட வேண்டும், அப்போதுதான் பாதி கரைந்து பாதி நிற்கும். டார்க் சாக்லேட் என்றால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.